பேரில்லாத இன்ஜின்

கல்முனைக்கு ரயில் வருவதில்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே உள்ள சனம் ரயில் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பஸ் ஏற வேண்டும். அப்பேர்ப்பட்ட கரையில், சாய்ந்தமருதில், ஒருத்தி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மாதிரி ரயில்களுக்கெல்லாம் குறை சொல்லிச் சம்பளம் வாங்கினாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். பெயர் ஜெனூபா, வயது முப்பத்தாறு. குறை சொல்லும் வேலைக்கு அவளை விட்டால் அங்கே ஆளில்லை என்பதை அவளுடைய எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள்.

வேலை இதுதான். இங்கிலாந்தில் ஒரு சங்கம். வயது போன, காசு மிஞ்சிய ஆட்கள் சேர்ந்து மேசை மேல் ரயில் ஓட்டுகிற சங்கம். பெரிய கம்பனிகளின் பெட்டிச் சரக்கு அவர்களுக்கு அலுத்துவிட்டது. எங்கோ ஒரு மூலையில், பெயர் வெளியே வராமல், கையால் இன்ஜின் செய்கிறவன் வேண்டும். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து ஆண்டுக்கொரு கையேடு போடுவார்கள். இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் ஆள் தேடியபோது ஜெனூபா விண்ணப்பித்தாள். எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். இலங்கைத் தண்டவாளம் இங்கிலாந்துத் தண்டவாளத்தைவிட எவ்வளவு அகலம், கனடாவிலிருந்து வந்த பழைய டீசல் இன்ஜின் எந்த மலையில் எப்படி மூச்சு வாங்கும் என்றெல்லாம் கேள்வி. அவள் கை தடக்காமல் எழுதிக்கொண்டே போனது. ‘இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்?’ என்று ஒரு கணம் அவளுக்கே திகைப்பு. கூகிளில் எங்கேயாவது பார்த்திருப்பேன் என்று அந்தத் திகைப்பையும் மடித்து வைத்துவிட்டாள்.

ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். அதற்குள் ஒரேயொரு ஆள், உண்மையான ஆள், கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் போய்வாருங்கள் அம்மணி. இப்போது ஐந்து மாதமும் மூன்று கிழமையும் முடிந்துவிட்டன. கையேட்டில் அவளுக்கு ஒதுக்கிய பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

ஆள் கிடைக்கவில்லையா? கிடைத்தார்கள், வரிசையாகக் கிடைத்தார்கள். ஏறாவூரில் ஒருவன் சீனத்து விளையாட்டு ரயிலை வாங்கி, இலங்கை இலச்சினை ஒட்டி, கையால் செய்ததென்று வீடியோ அனுப்பினான். “ஸ்டிக்கர் நல்லா ஒட்டியிரிக்கீங்க. ரயில எப்ப செய்யப்போறீங்க?” என்று ஜெனூபா பதில் போட்டாள். நாகர்கோவிலில் ஒரு வாத்தியார் உண்மையாகவே உடம்பு செய்திருந்தார், ஆனால் சில்லு, அந்தச் சக்கரம் மட்டும் கடையில் வாங்கிய இங்கிலாந்து அளவு. “தடிச்ச மாப்பிளைக்குச் சின்னப்புள்ளட செருப்பு” என்று அவள் ஆங்கிலத்தில் எழுதியதை வாசித்த வாத்தியார் பிறகு கடிதமே போடவில்லை. கண்டியில் ஒருவர் மரத்தில் செதுக்கியிருந்தார். அவரிடம் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டாள், அலுமாரி செய்கிற மனிதருக்கு ரயில் என்னத்துக்கென்று.

“உன்ட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தாறன் புள்ள,” என்றார் அவளுடைய தாய் சபியா உம்மா. “எத்தின பேர்ர வயித்தெரிச்சல இப்பிடிக் கொட்டிக்கிற?”

“சட்டியில இரிந்தாத்தானே அகப்பையில வரும் உம்மா. அவங்களிட்ட சரக்கில்ல, நான் என்ன செய்ய?”

இந்த வாய்தான் அவள் கலியாணத்தையும் தின்றது. நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

அந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வருவான். ஒத்துவராமல் போனால் அதே சூட்கேசோடு போவான். மருதமுனையிலிருந்து றினாஸ் அப்படித்தான் வந்தான். கல்முனையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மாலையில் வந்தால் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டிலுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே அரத்தால் இராவுகிற சத்தம் கேட்கும். சோற்றுக்கு வந்து உட்கார்ந்தால் ரயில் கதை: எந்த இன்ஜினுக்கு எத்தனை அச்சு, எந்தப் பாலத்தில் ஏன் மெதுவாகப் போகும், மட்டக்களப்பு ஸ்டேஷனில் போன வெள்ளிக்கிழமை என்ன நின்றது. ஜெனூபா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, “ரயில் வராத ஊருல ரயில் செய்யிற மாப்பிளைய வாப்பா எங்க தேடிப் புடிச்ச?” என்பாள். நாலு வருடத்தில் அவள் ஒருநாள்கூட அந்தக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அவன் தொடங்குவது ஒன்றும் முடியாது. வாய்ப்பந்தல் போடுகிறவன் வீடு கட்டுவானா?

விவாகம் முறிக்கக் காதியாரிடம் போனபோதும் அதையே சொன்னாள். “இந்த மனிசன் தொடங்கின ஒரு வேலையையும் முடிச்சதில்ல. கதை மட்டும்தான்.” காதியார் றினாஸைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்றார். அவன் சூட்கேசை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதெல்லாம் நடந்து இப்போது மூன்று வருடம்.

சரி, கதைக்கு வருவோம். தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் புண்ணியமூர்த்தி, ஓய்வு பெற்ற கண் டொக்டர், வெள்ளவத்தையில் இருப்பவர், அந்தச் சங்கத்தின் பழைய உறுப்பினர். புறக்கோட்டையில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் ஓர் இன்ஜின் வாங்கியிருக்கிறார். பித்தளை. கனடா டீசல். செய்தவன் பெயரில்லை, அடையாளமில்லை. சில்லுகூடக் கையால் வெட்டியது, அகலம் நம்முடைய தண்டவாளத்து அகலம், அச்சுப் பிசகாமல். நாற்பது வருடமாகச் சேர்க்கிறேன், இப்படி ஒன்று கையில் பட்டதில்லை, இந்த மனிதரைக் கண்டுபிடித்துத் தாருங்கள், கையேட்டுக்கு நானே சிபாரிசு எழுதுகிறேன் என்றிருந்தார். கூடவே இருபத்தொரு படங்கள்.

ஜெனூபா ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் குறை தேடினாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து தேடினாள். பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகும் தேடினாள். இல்லை. கைப்பிடிக் கம்பி, கண்ணாடிச் சட்டம், ஆணித்தலை, ஒன்றிலும் இல்லை. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. கடைசியில் அடிப்பக்கத்துப் படத்தில் ஒன்று அகப்பட்டது. தகட்டின் உட்புறத்தில் பாதிப் பூ, பக்கத்தில் ஒரு கொடி. ஏதோ வீட்டில் வெற்றிலை வைக்கும் பித்தளை வட்டாவை வெட்டித்தான் கூரை செய்திருக்கிறான்.

“ஆரோ ஒரு குடும்பத்துச் சாமான நாசமாக்கியிரிக்கான்,” என்றாள் தனக்குத்தானே. சொல்லும்போதே சிரிப்பும் வந்தது. பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்.

தேடுவதில் அவள் கெட்டிக்காரிதான், அதை மறுக்கக்கூடாது. புறக்கோட்டைக் கடைக்காரனை மூன்று தரம் அழைத்து, நயந்து, அதட்டி, அவனுக்கு விற்றவனை அறிந்தாள். அவன் மட்டக்களப்பில் பழைய பித்தளை வாங்கும் மொத்தக்காரன். அவன், “கல்முனைப் பக்கத்தால கொண்டு வந்த சாமான். மூணு சில்லு வண்டியில வாற மீராமுகைதீன்” என்றான். கல்முனைப் பக்கமா! ஜெனூபா நாற்காலியைவிட்டு எழும்பிவிட்டாள். காலடியிலேயே ஒரு மேதை கிடக்கிறானே, இந்த ஊருக்குக் கண்ணில்லையே என்று ஊரைத் திட்டினாள்.

அடுத்த நாள் மீராமுகைதீனை வீட்டுக்கே வரச் சொன்னாள். வெயிலில் காய்ந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் படலையடியில் வந்து நின்றார் மனிதர். கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“காக்கா, மறைக்காமச் சொல்லுங்க. இது ஆரிட்ட எடுத்த?”

மீராமுகைதீன் படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “என்ன தங்கச்சி, பகிடி பண்றீங்களா?”

“என்ன பகிடி? எனக்கு இது பெரிய வேலை. ஆள்ர பேரச் சொல்லுங்க.”

“உங்கட ஊட்டுலதானே எடுத்த. பொறத்தால இரிக்கிற கொட்டில்ல. குசினி வாசல்ல நிண்டு நீங்கதான் சொன்ன, அள்ளிட்டுப் போங்க காக்கா, ஒரு ஆணியும் மிச்சம் வெக்காதீங்க எண்டு.”

ஜெனூபா நீட்டிய கையை இறக்கினாள். “எப்ப?”

“நீங்க விவாகம் முறிஞ்சு இத்தாவுல இரிந்த நேரம். முகம் காட்டல்ல, கதவுக்கு உள்ளால நிண்டு கதைச்ச. இந்த இன்ஜினோட ரயில் பெட்டி மூணும் இரிந்திச்சு. கதவெல்லாம் துறந்து மூடும், எனக்கே ஆச. சின்ன வாள், அரம், குறடு, எல்லாத்தையும் ஒரு உரப்பேக்கில கட்டின. பெட்டி மூணையும் மட்டக்களப்பான் உருக்கப் போட்டிட்டான். இதொண்டத்தான் கொழும்பான் பாத்து எடுத்திரிக்கான்.”

சத்தம் கேட்டு சபியா உம்மா வந்தார். மகளின் கையிலிருந்து கைப்பேசியைப் பறித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அடிப்பக்கத்துப் படத்தைப் பார்த்தவர் அலறிவிட்டார்.

“யா அல்லாஹ், இது என்ட வட்டாடி! என்ட உம்மா எனக்குச் சீதனத்தோட தந்த வட்டா! பக்கத்தூட்டு ஜுனைதாதான் எடுத்த எண்டு அவளோட அஞ்சு வருஷமாக் கதைக்காம இரிக்கனே, பாவி!” பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தார். “ஒலகமெல்லாம் தேடின. வெண்ணெயக் கையில வெச்சிக்கிட்டு நெய்க்கு அலஞ்ச. நல்லா அலஞ்ச.”

வெட்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, ஆனால் முதலில் வந்தது கோபம். முடித்திருக்கிறான்! முடித்துவிட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறான்! காதியார் கேட்டபோதாவது வாயைத் திறந்திருக்கலாமே, கல்லா அவன்? அன்று முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தாள். அடுத்த நாள் கொட்டிலுக்குள் போனாள். மேசையடியில் பித்தளைத் தூள் கொஞ்சம் இன்னும் மினுங்கியது. பெருக்கித் தள்ளக் கூட்டுமாற்றை எடுக்காமல் திரும்பி வந்து, முதல்தரமாக அழுதாள். அந்தப் பரீட்சையில் தன் கை தடக்காமல் எழுதியது எங்கிருந்து வந்ததென்று அப்போது விளங்கிவிட்டது. கூகிளுமில்லை, கீகிளுமில்லை. மீன் முள் எடுத்துக்கொண்டே நாலு வருடம் கேட்ட கதை அது.

வெள்ளிக்கிழமை தவணை முடிகிறது. வியாழன் காலை ஸ்கூட்டியை எடுத்தாள். றினாஸ் இப்போது இறக்காமத்தில் ஒரு நெல் ஆலையில் இயந்திரம் பார்க்கிறான் என்று விசாரித்து அறிந்திருந்தாள். தாய் வீடு தங்கைக்குப் போய்விட்டது, மனைவி வீடு போய்விட்டது, அவனுக்கு ஆலையிலேயே ஓர் அறை. காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை தாண்டி, அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே போனாள். என்ன கதைப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள், ஒன்றும் நிற்கவில்லை.

ஆலை முற்றத்தில் நெல் காய்ந்தது. றினாஸ் தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு வெளியே வந்தான். மெலிந்திருந்தான். முன்பு ‘புள்ள, நீ’ என்று கூப்பிட்டவன்.

“நீங்களா? உம்மாக்குச் சுகந்தானே?” என்றான்.

சுகந்தான் என்றாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்: சங்கம், கையேடு, டொக்டர், புறக்கோட்டை, மட்டக்களப்பு, மீராமுகைதீன், உரப்பேக். பார்க்காமல் கொடுத்தேன் என்பதையும் சொன்னாள். அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டான். ரயில் பெட்டி மூன்றும் உருக்கப் போனது என்றபோது மட்டும் முற்றத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சரி, நான் என்ன செய்யணும்?”

“கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும். படிவம் இரிக்கி.” கைப்பேசியைத் திறந்தாள். குரலை உத்தியோகக் குரலாக்கப் பார்த்தாள். “பேர்?”

“மறந்திட்டா?”

அவள் தலை நிமிராமல் பெயரை அடித்தாள். “இன்ஜின் செய்யிற இடம்?”

“இல்ல.”

“பட்டறை ஆயுதங்கள்?”

“இப்பதானே நீங்களே சொன்ன. உரப்பேக்.”

“கடைசிக் கேள்வி. இப்பயும் செய்யிறீங்களா?” இங்கே அவள் நின்றாள். “ஓம், இல்லை, ரெண்டுல ஒண்டத்தான் அமத்தலாம். இல்லை எண்டு அமத்தினாப் படிவம் தானா மூடிரும். அதோட என்ட வேலையும் முடிஞ்சிரும். வேற ஆள் தேட நேரமில்ல.”

றினாஸ் தலையிலிருந்த தவிட்டைத் தட்டினான்.

“திரும்பத் தொடங்கலாமே. கொட்டில் சும்மாதான் கிடக்கு. ஆயுதம் எல்லாம் நான் வாங்கித் தாறன். நீங்க வந்தாச் சரி.”

“எந்த முறையில நான் உங்கட வளவுக்குள்ள வாற?”

 ஊரில் அதற்கு முறை இரண்டுதான். விட்டுப்போன மாப்பிள்ளை அந்தப் படலையைத் திறப்பதென்றால் ஒன்று புதிதாக நிக்காஹ் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவு விழுந்து மையித்து வீடாக இருக்க வேண்டும்.

“அப்ப சும்மா ஓம் எண்டு அமத்தட்டா?” குரல் தாழ்ந்துவிட்டது. “ஆரு வந்து பாக்கப்போற?”

“அமத்துங்க, உங்கட விருப்பம். மறுகா வெள்ளைக்காரன் இன்ஜின் கேட்டா ஒரு மூட்டை தவிடு கட்டி அனுப்புவம்.”

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்கு ஏறாவூர்க்காரனின் ஞாபகம் வந்தது. ஒரு ஸ்டிக்கருக்காக அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியவள், இப்போது தானே ஒரு பொய்யை ஒட்டப் பார்க்கிறாள். அந்த வேலை அவளுக்கு வேண்டும், உண்மையிலேயே வேண்டும். அதற்கு வந்தபிறகுதான் ஊரில் அவளை ‘விட்டுட்டு இரிக்கிறவ’ என்று சொல்லாமல் ‘லண்டன் வேலை செய்யிற ஜெனூபா’ என்று சொன்னார்கள். பெருவிரல் திரைக்கு மேலே நின்றது.

‘இல்லை’யை அமத்தினாள். திரையில் ஒரு நன்றி வந்தது, படிவம் மூடிக்கொண்டது. ஆறு மாதமும் அவ்வளவுதான்.

றினாஸ் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். “அந்தப் படம் இரிக்கா?”

கொடுத்தாள். அவன் வெயிலுக்குக் கையால் மறைப்புப் பிடித்துப் பார்த்தான். ஒன்றொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு பார்க்கிறான், அவசரப்படவில்லை.

“டொக்டர் என்ன சொன்ன?”

“ஒரு குறையும் இல்லையாம்.”

“நீங்க என்ன சொன்ன?”

“நானும் தேடின. வல்லாஹி, ராத்திரி வரைக்கும் தேடின. வேலையில ஒண்டும் கிடைக்கல்ல.”

அவன் ஒரு படத்தைப் பெரிதாக்கி அவள் பக்கம் திருப்பினான். “இஞ்ச பாருங்க. இடப்பக்கம், கடைசிச் சில்லு. கால் நூல், ஒரு மயிர் அளவு, வெளிய தள்ளி நிக்கி.”

குனிந்து பார்த்தாள். உண்மைதான். இருபத்தொரு படத்தையும் சல்லடை போட்டவளுக்கு அது படவில்லை.

“அதத் திருத்திப்போட்டுக் காட்டுவம் எண்டுதான் இரிந்த,” என்றான்.

“ஆருக்கு?”

“ஆருக்கா? ஊட்டுல வேற ஆரு இரிந்த?”

ஜெனூபா கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். “அப்பிடியே காட்டியிரிக்கலாமே. கால் நூல்தானே.”

“காட்டியிரிந்தா என்ன சொல்லியிரிப்பீங்க?”

நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல அங்கே சாட்சி யாருமில்லை. அவள் நெல் காயும் முற்றத்தைப் பார்த்தாள், பிறகு அவனை நேரே பார்த்தாள்.

“சில்லு நேரா நிண்டிரிந்தாலும் கோணல் எண்டுதான் சொல்லியிரிப்பன்.”

“ஓம்,” என்றான் றினாஸ்.